இடது காதில் ஒரு பிளவு

பன்றிக்குட்டிகள் பிறந்து ஒரு நாழிகைகூட ஆகியிருக்காது. ஏழும் தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தன. டொமிங்கோ ஒன்றைத் தூக்கித் துடைத்தான். இடது காதில் ஒரு பிளவு. இன்னும் கத்தியே படாத காது அது. ரத்தம் இல்லை, புண் எப்போதோ ஆறிப்போய் மழமழவென்றிருந்தது. அடுத்த குட்டியிலும் அதே பிளவு. ஏழிலும்.

காட்டில் மேயும் பன்றி யாருடையது என்று ஆங்கிலேயர் ஆளும் வெர்ஜீனியாவில் காதுதான் சொல்லும். இடது காதில் பிளவு, பக்கத்துத் தோட்டத்து ஹாரெலின் குறி. டொமிங்கோவின் குறி, அந்தக் காதின் நுனியை நேராக வெட்டிவிடுவது.

கத்தியை உறையில் செருகிக்கொண்டு ஹாரெலின் தோட்டத்துக்கு நடந்தான். டொமிங்கோவின் மனைவி கிரேசியாவுக்கு அங்கே விடியலிலேயே வலி கண்டிருந்தது. அவன் உழைத்து விடுதலை வாங்கியவன். அவள் இன்னும் ஹாரெலின் அடிமை. பிறக்கும் பிள்ளையாவது தன்னோடு வந்துவிட வேண்டும். அவனுக்கு வேறெதுவும் வேண்டாம்.

மதியமாகியும் பனிமூட்டம் விலகவில்லை. உப்பும் அழுகிய நாணலும் கலந்த வாடை மூக்கை அடைக்க, கண்ணுக்குத் தெரியாத பன்றிகள் சேற்றைக் கிளறும் சத்தம் அவன் நடந்தால் கூடவே நடந்தது, நின்றால் நின்றது. போகும் வழியெல்லாம் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனான்.

மூன்று வருடம் முன்பு ஹாரெலின் காட்டில் அவனுடைய பன்றி ஈன்றது. ஆண்பன்றி தன்னுடையது, குட்டிகளும் தனக்கே என்றார் ஹாரெல். டொமிங்கோ நீதிமன்றத்தில் பைபிள்மேல் கை வைத்துச் சொன்னான்: "தாய் யாருதோ, குட்டியும் அவங்களுக்குத்தான்." ஜெயித்தான். அன்று மாலை ஹாரெலும் அவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து குடித்தார்கள். அப்போதெல்லாம் ஒருவனை எடைபோட ஞானஸ்நானம் ஆயிற்றா என்றுதான் கேட்பார்கள். போன குளிர்காலத்தில் புதுச் சட்டம் வந்தது. கறுப்பியின் பிள்ளை தாயைப் போலவே, தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்றது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை, முகத்தின் நிறத்தைப் பார்ப்பதோடு சரி.

குடிசை வாசலில் ஜோன் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஹாரெலிடம் ஒப்பந்தக் கூலியாக வந்த இங்கிலாந்துக்காரி.

"பையன்யா. ரெண்டு பேரும் சௌக்கியம்."

"ஹாரெல் எங்க?"

"இனிமே துரைன்னு சொல்லிப் பழகு. வந்து பார்த்துட்டுப் போயிட்டாரு."

"பிள்ளை உனக்குத்தான்னு என் கையப் பிடிச்சுச் சொன்னாரே, ஜோன்!"

"சொன்னாரு. அப்போ சட்டம் வேற."

"நீயும் கிரேசியாவும் சேர்ந்துதானே ஓடினீங்க? ஒரே கம்பத்துல கட்டி வச்சுத்தானே அடிச்சாங்க?"

"அது அப்போ." ஜோன் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "நான் வெள்ளைக்காரி, டொமிங்கோ." புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பவள் மாதிரி அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள்.

உள்ளே புகை. ரத்த வாடை. கருகிய சோள ரொட்டி. கிரேசியா கண்ணை மூடியபடியே சிரித்தாள். பக்கத்தில் துணிச் சுருள். தலைவரை மூடியிருந்தது.

"யாரு சாயல்? பார்த்துச் சொல்லு."

துணியை விலக்கினான். நெற்றி. மூக்கு. வலது காது முழுசாக இருந்தது.

தலையை மெல்லத் திருப்பினான்.

பிளவு. ரத்தம் இல்லை. ஆறி, மழமழவென்று.

வெளியே சேற்றுச் சத்தம் நின்றது.

பன்றித் திருடர்களின் வேலை அவனுக்குத் தெரியும். பிளவோடு சேர்த்து நுனியை நேராக வெட்டிவிட்டால் பழைய குறி மறைந்துபோகும். ஒரே வெட்டு. அதன் பிறகு இருப்பது அவனுடைய குறி.

"சொல்லுய்யா, யாரு சாயல்?"

குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. சூடான, சின்னப் பிடி.

மற்ற கையில் கத்தி இருந்தது. உறையிலிருந்து எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.