வாசல் பக்கமாக வந்தவள்

சாயங்காலத் தேநீரை அவர்தான் போடுவார். அன்றைக்கு மூன்று கோப்பைகளில் ஊற்றி வைத்திருந்தார்.

மூன்றாவது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன்? ஆவி அடங்கி, மேலே ஆடை படிந்து, அது சுருங்கி ஓரத்துக்கு ஒதுங்கும்வரை அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை திருத்தியவர் அவள் கணவர். மறதி நோய் தொடங்கிய புதிதில், அந்தக் கண் ஒருநாள் மனைவியையே பிழை என்று கண்டுபிடித்துவிட்டது. நீங்கள் நல்லவர்தான், ஆனால் என் மனைவி வெளியே போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றார். இருட்டத் தொடங்கினால் வாசலில் போய் நின்றுகொள்வார். பக்கத்தில் நிற்பவளை விட்டுவிட்டு, வராத அவளுக்காகத் தெருவைப் பார்ப்பார். தன்மீதே பொறாமைப்பட்டவள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றும்.

வாதாடாதீர்கள், பின்வாசல் வழியாகப் போய், சுற்றிக்கொண்டு, முன்வாசலில் மணி அடியுங்கள் என்று ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். அப்படியே செய்தாள். தலைசீவி, கைப்பையை மாட்டிக்கொண்டு, மணி அடித்து, சிரித்தபடி "வந்துட்டேன்" என்பாள். அவர் முகம் மலர்ந்துவிடும். சமையலறையில் யாரோ ஒரு அம்மா இருந்தார்கள், போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று அவள் காதில் கிசுகிசுப்பார். அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

பிறகு அந்த மருந்து வந்தது. நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கி, மூளையில் படிந்திருந்த அமிலாய்டு என்ற புரதத்தைக் கரைத்தது. ஸ்கேன் படத்தில் சிவப்பாக எரிந்த இடமெல்லாம் நீலமானது. சாயங்காலங்களில் அவர் அவளை அவளாகவே பார்த்தார். மருந்து நோயைக் கொஞ்சம் தள்ளித்தான் போடும், இதையெல்லாம் அதன் கணக்கில் எழுதாதீர்கள் என்றார் டாக்டர். அவள் எழுதிக்கொண்டாள்.

படிவு போய்விட்டது, இனிமேல் கொடுத்தால் மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும்தான் மிச்சம் என்று மருந்தை நிறுத்தியதும் அதே டாக்டர்தான். திரும்ப ஏறுமா என்று மட்டும் அவள் கேட்டாள்.

"ஏறும்மா. ரொம்ப மெதுவா. பழைய அளவுக்கு வரப் பல வருஷம் ஆகும்."

வேறு யாராவதாக இருந்தால் 'பல வருஷம்' என்பது காதில் விழுந்திருக்கும். அவளுக்கு விழுந்தது 'ஏறும்' மட்டும். போன வாரம் எடுத்த ஸ்கேனில் கொஞ்சம் ஏறியிருந்தது. எதிர்பார்த்ததுதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவருக்கென்ன, சாயங்காலமானால் அவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

அன்றிலிருந்து வீடு வேறு மாதிரி இருந்தது. சுவருக்குள் ஏதோ பொடிப்பொடியாக உதிர்வதுபோல ஒரு சத்தம், அலமாரியைத் திறந்தால் துவைத்த துணிகளுக்கு நடுவே தன்னுடையதுதான், ஆனால் தான் இன்னும் வாழ்ந்திராத ஒரு நாளின் வியர்வை வாசனை, கூடத்தைக் கடக்கும்போது தனக்குப் பின்னால் கொஞ்சம் தாமதித்து வரும் தன் நிழல். பயத்தில் மூளை ஜோடிக்கிறது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

இப்போது கணவர் செய்தித்தாளை மடித்துவைத்து எழுந்தார். சாத்தியிருந்த வாசல் கதவருகே போய் நின்றார்.

"யாருங்க வரணும்?"

"என் வீட்டுக்காரி. நீங்க உக்காருங்க."

கோபம் வந்தது. இத்தனை ஊசிக்கும், இத்தனை ஸ்கேனுக்கும் இதுதானா மிச்சம்? தலையைச் சீவினாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். பின்வாசலைத் திறந்து, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் இறங்கினாள். சோப்புத் தண்ணீர் நாற்றம். ஈரச் சிமெண்ட். வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் வந்திருப்பாள்.

உள்ளே மணி அடித்தது.

நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கும். இருக்க வேண்டும்.

தாழ்ப்பாள் விலகியது.

"வந்துட்டேன்."

அவள் குரல். அதே களைப்பு. களைப்பை மறைக்க அவள் வரவழைத்துக்கொள்ளும் அதே சிரிப்பு.

"எங்க போயிட்ட இவ்வளவு நேரம்?"

ஓடினாள். தெரு வெறிச்சென்றிருந்தது. கதவு சாத்தியிருந்தது. மணியை அழுத்தினாள். மறுபடி. மறுபடி.

அவர் பாதிக் கதவைத் திறந்தார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"நான்தாங்க," என்றாள்.

அவர் இரக்கத்தோடு பார்த்தார்.

"சமையலறையில இருப்பீங்களே, அந்த அம்மாதானே? இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம். அவ வந்துட்டா."

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளில் படிந்தது. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு. தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அதே இடம்.

அந்தக் கை கதவைச் சாத்தியது. மெதுவாக. வெளியே நிற்பவரின் மனம் நோகாமல்.

உள்ளே அவர் சிரித்தார். கூடவே அவள் குரலும் சிரித்தது. வெளியே நின்றவள் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே சிரிப்பு நிற்கவில்லை.