சட்டைக்கை உரசிய சத்தம்

இருங்காட்டுக்கோட்டை லைன் வீடுகள் தீப்பெட்டியை அடுக்கி வைத்தது மாதிரிதான் இருக்கும். காலை ஷிப்ட் முடிந்து நம்பிராஜன் வந்தபோது, அவன் அறை வாசலில் சித்தி மகன் இசக்கிபாண்டி குந்தியிருந்தான். பட்டாளத்துக்காரன். காதைச் சுற்றி ஈரத்துண்டு. மேலெல்லாம் ஆஸ்பத்திரி வாடை.

"எப்பல வந்த?"

"மெதுவாப் பேசுண்ணே. வலிக்கி."

ஒரகடம் பக்கம் பெயர்ப்பலகை இல்லாத கட்டடம் ஒன்றில் வைத்து, இவனுக்கும் சில சிப்பாய்களுக்கும் ஊசி போட்டார்களாம். தூரத்தில் எதிரி நடந்தாலும் கேட்க வேண்டுமே, அதற்கு. கேட்டது. நிற்கத்தான் இல்லை. கூட இருந்தவன் ஒருவன், தன் ரத்தம் ஓடுகிற சத்தம் பொறுக்காமல் சுவரில் முட்டியே செத்தானாம்.

"இந்த லைன்ல கடைசி ரூம்ல ஒரு பொண்ணு வாயப் பொத்திக்கிட்டு அழுவுதா. உனக்குக் கேக்கலயா?"

நம்பிராஜன் காதைத் தீட்டிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

"தப்பிச்சு வந்துட்டேன். திருப்பி அனுப்பிராதண்ணே. இன்னொரு ஊசி தாங்க மாட்டேன்."

"நான் இருக்கேம்ல. உள்ள வந்து படு."

சொன்னது இவன்தான்.

சாயங்காலம் வெள்ளைக் கார் வந்தது. முடியை ஒட்ட வெட்டிய இரண்டு பேர். கூடவே இவன் கம்பெனி சூப்பர்வைசர் சிவசங்கர்.

"இன்னா நம்பி, வூட்ல விருந்தாளியா? உன்ன பெர்மனென்ட் பண்ற நேரத்துல வம்பு வச்சுக்காதப்பா."

நம்பிராஜனுக்கு இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். அதே பழக்கம். "இங்க யாரும் இல்ல சார்" என்று வாய் உரக்கச் சொன்னது. கை மட்டும் பின்னால் இருந்த கதவைக் காட்டியது.

கைக்கு ஏது சத்தம் என்று நினைத்துவிட்டான்.

இழுத்துப் போகும்போது இசக்கிபாண்டி திமிறவே இல்லை.

"சட்டைக்கை உரசினது கேட்டுச்சுண்ணே" என்றான்.

அவ்வளவுதான்.

ஊருக்கு மூடின பெட்டிதான் வந்தது. மாரடைப்பாம். துஷ்டி வீட்டில் சித்தி இவன் கையை, அதே கையை, பிடித்துக்கொண்டாள். "உன் பக்கத்துலதானய்யா இருந்தான்? ஒரு எட்டு உன்னப் பாக்க வரலியா?"

"வரல சித்தி."

ஊரிலிருந்து திரும்பி, வேலையும் நிரந்தரமானவன், கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நல்ல வெயில். பக்கத்தில் பிரஸ் ஷாப்பில் கூட வேலை பார்க்கும் ரகு, செல்லில் பாட்டுக் கேட்டபடி.

நம்பிராஜன் உதடுகூட அசைக்கவில்லை. மனசுக்குள்தான் சொன்னான். மன்னிச்சிருல தம்பி.

காதோரம் ஒரு மூச்சு.

"சத்தமாச் சொல்லுண்ணே. எல்லாருக்கும் கேக்கட்டும்."

திரும்பிப் பார்த்தான். பின்சீட் காலி.

ரகு இயர்போனைக் கழற்றினான்.

"யாருண்ணா அது பேசுனது? இன்னாத்த சொல்லச் சொல்றாரு?"