ஆஷ்கோம்ப் மாளிகையில் பூ வைத்தார்கள்

“இன்னும் நாலு பொண்ணு பார்த்துட்டுச் சொல்றதுக்கு இது என்னங்க, வீடு விக்கிற ஓப்பன் இன்ஸ்பெக்‌ஷனா?”

பெண்ணின் அம்மா நாகலட்சுமியின் குரல் ரோஜாப் பாத்திகளைத் தாண்டிப் போனது. ஸ்கோன் ரொட்டி தின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கத்தாதீங்க. நாலு இல்ல, ரெண்டு பொண்ணுதான் பாக்கி,” என்றார் மாப்பிள்ளைப் பையன் நரேனின் அம்மா, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

“அந்தப் பையில மல்லிகைப்பூ இருக்குன்னு எனக்குத் தெரியும். கொண்டுவந்த பூவை வைக்காமத் திருப்பி எடுத்துட்டுப் போறீங்களே!”

சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்தது இதற்காகத்தான். பெண் பார்ப்பதை வீட்டில் வைத்தால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமாம். நமக்குத் தெரியாமலா போய்விடும்! ஏதோ ஓர் ஆங்கிலேயத் துரை சொந்த ஊர் ஏக்கத்தில் கட்டிய மாளிகை. வார இறுதியில் டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிறார்கள். தோட்டத்தில் தேநீர். பிடித்துப்போனால் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைப்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. பெண் தேஜஸ்வினிக்கு முப்பத்தொன்று. இது ஏழாவது வரன்.

நரேன் வீட்டார் எழுந்து போனார்கள். “உன் வாயை வச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்த அவள் புருஷன் பழனிசாமி பாதியில் நிறுத்தினார். மகளின் நாற்காலி காலியாக இருந்தது.

நாகலட்சுமி மாளிகைக்குள் தேடிப் போனாள். உள்ளே வெளிச்சம் பழுப்பாக, கெட்டியாக இருந்தது. மெழுகு வாசனை. அதற்கடியில், பல காலம் திறக்காத அலமாரியின் ஈர நெடி. மாடிப்படி ஒவ்வொன்றும் அவள் மிதித்தபின் ஒரு கணம் தாமதித்துத்தான் முனகியது.

அவளுக்குப் பின்னால், இன்னொரு முறையும் முனகியது.

மாடிக் கோடி அறையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. வாசலில் ஓர் அட்டை: கல்யாணத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்த துரையின் மூத்த மகனின் அறை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், கண்ணாடி முன்னால் தேஜஸ்வினி உட்கார்ந்திருந்தாள்.

அவள் தலையில் பூ இருந்தது.

வெள்ளை வெளேரென்று ஒரு கொத்து. தோட்டத்தில் அப்படி ஒரு பூவே கிடையாது. நாகலட்சுமி தொட்டுப் பார்த்தாள். ஃபிரிட்ஜில் வைத்ததுபோல் சில்லிட்டது.

“யாருடி வச்சா?” கிசுகிசுப்பாகத்தான் வந்தது குரல்.

“இங்க இருந்த வாலண்டியர் ஆன்ட்டிம்மா. பழைய காலத்து கவுன் போட்டிருந்தாங்க. நான் அழுதுட்டு இருந்தேனா, தலையைத் தடவிக் குடுத்தாங்க. ஷி வாஸ் ஸோ ஸ்வீட்.”

“என்ன சொன்னாங்க?”

“பையன் ரொம்ப அமைதியானவன்னாங்க. உனக்குச் சம்மதமான்னு கேட்டாங்க. வயசானவங்க, ஏதோ உளர்றாங்கன்னு நெனச்சு சரின்னுட்டேன்.”

நாகலட்சுமி பூவைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே ஓடிவந்தாள். டிக்கெட் மேசையிலிருந்தவர் புருவத்தை உயர்த்தினார். மாடியில் யாரையும் காவலுக்கு நிறுத்துவதில்லை, கவுன் போட்டவர்கள் யாரும் இங்கே வேலை செய்வதும் இல்லை என்றார்.

அப்போது மேலே நாற்காலி நகர்ந்தது.

பூட்ஸ் காலடி. நிதானமாக, அவசரமே இல்லாமல், படியை நோக்கி.

இறங்கத் தொடங்கியது.

அந்த நரேன் அடுத்த இரண்டே மாதத்தில் கெல்லிவில்லில் இருந்த ப்ரீத்தி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். பழனிசாமி வேலையை மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு மெல்போர்ன் மல்கிரேவுக்கே போய்விட்டார். அங்கேயும் மூன்று வரன் வந்தது. மூன்றும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமலே நின்றுபோனது. நான்காவதாக ஒரு மலேசியக் குடும்பம், பையன் பெயர் கவினேஷ். சனிக்கிழமை நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. வடை சுட்டு வைத்துவிட்டு, மூன்று பேரும் வாசற்கதவுக்கு நேர் எதிரே சோஃபாவில் உட்கார்ந்திருந்தார்கள். கதவை யாரும் தட்டவில்லை. அது ஒரு முறைகூடத் திறக்கவும் இல்லை.

ஐந்து மணிக்கு நாகலட்சுமியே போன் போட்டாள்.

“நாங்க வந்துட்டுத்தான் போனோம்லா,” என்றார் கவினேஷின் அம்மா தனலெட்சுமி, கோபமாக. “பொண்ணுக்குக் கல்யாணம் ஆனதை மறைச்சா எங்களை வரச் சொன்னீங்க? உங்க மருமகன்தானே கதவைத் திறந்தாரு. நல்ல மரியாதையான வெள்ளைக்காரப் பையன். பின்னாடி சோஃபாவுல, உங்க மூணு பேருக்கும் பக்கத்துல, அவங்கம்மாவும் பழைய காலத்து கவுன் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்களே!”