மூன்றாவது குவியல்

பாத்திரத்தில் தண்ணீர் குறைவாக இருந்தது. இரண்டு பேருக்கென்றால் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை பனியை உருக்குவான் கய்ரத். இன்றைக்குப் பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

"போதுமா?" என்றாள் துமார்.

"போதும்."

நூடுல்ஸையும் காய்ந்த இறைச்சியையும் போட்டு மூடி, பாத்திரத்தைத் தன் கம்பளித் தொப்பிக்குள் பொதிந்து வைத்தான். அடுப்பை அணைத்த பிறகும் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். எரிவாயு மிச்சம்.

மலையேற்றச் சுமையில் கிராம் கிராமாகக் குறைக்கும் பைத்தியம் தன் புருஷனுக்கு முற்றிப்போனது துமாருக்குத் தெரியாததல்ல. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அறுத்தான், வரைபடத்தின் ஓரங்களைக் கத்தரித்தான். அவசரத்துக்கு உதவி கேட்கும் கருவியை நூறு கிராம் என்று சொல்லி பிஷ்கேக் நகரத்து வீட்டு மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தான். அப்போது அவள் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. பாறைச் சரிவில் அவள் முழங்கால் பிசகி இரண்டு நாளாகிறது. வீக்கம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது.

நண்பகல் வெயில் கூடாரத் துணியைச் சாம்பல் நிறமாக ஊடுருவ, மேலே படிந்திருந்த பனி சர்ரென்று சரிந்து விழுந்துகொண்டிருக்க, எரிவாயு வாடையும் ஈரக் கம்பளியின் வியர்வை நாற்றமும் மூக்கில் ஏற, கய்ரத் எல்லாவற்றையும் பையிலிருந்து கொட்டி மூன்று குவியலாகப் பிரிக்கத் தொடங்கினான். தினமும் பயன்பட்டவை, எப்போதாவது பயன்பட்டவை, பயன்படாதவை. எடை பார்த்து மலையேறுகிற எல்லோரும் செய்வதுதான். மூன்றாவது குவியல் அடுத்த பயணத்துக்கு வராது.

ஆனால் அதை ஊர் திரும்பிய பிறகு, வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்து செய்வார்கள்.

"என்னப்பா, வீட்டுல பண்ற வேலையை இங்கயே ஆரம்பிச்சிட்ட?"

"வானம் தெளிஞ்சிருச்சு. இறங்கணும்ல."

ஒரு கரண்டியை மூன்றாவது குவியலில் போட்டான்.

"அது என்னோடது."

"நேத்து நீ சாப்பிடலையே."

"வலியில எப்படிச் சாப்பிடுவேன்?"

"அதான்."

அடுத்து அவளுடைய பூட்ஸ். இரண்டு நாளாக அவள் அவற்றைப் போடவில்லை. அவன் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கய்ரத், கீழ போய் குதிரையோட யாரையாவது கூட்டிட்டு வந்துருவேல்ல?"

"மேய்ச்சல்காரங்க போன மாசமே இறங்கிட்டாங்க, துமார்ஜான்."

"அப்போ கிராமத்துக்குப் போ. ரெண்டு நாள் நான் தாங்கிக்குவேன். அடுப்பை மட்டும் வெச்சிட்டுப் போ."

அவன் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, ஊதி ஊதித் தின்றான். பாத்திரத்தைப் பனியால் அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்தான்.

"எனக்கு?"

முதுகுப் பை வாய் திறந்து பேசியதைப் போல அவளைப் பார்த்தான்.

அந்தக் கூடாரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. நடக்கும்போது ஊன்றுகிற இரண்டு தடிகள்தான் தூண். ஒன்றை உருவினான். துணி அவள் முகத்தில் விழுந்தது. மற்றதையும் உருவினான். இருட்டு. நைலான் வாயில் ஒட்டியது. அவள் கத்தினாள். அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் விரல் விரலாக விடுவித்தான். வலிக்காமல்.

துணி போனது. இருவருக்குமாக இருந்த ஒரே போர்வையும் போனது. கண் கூசும் வெள்ளை. கீழே வெறும் பனி. அருகில் ஒரு கரண்டி, ஒரு ஜோடி பூட்ஸ்.

"நான் உன் பொண்டாட்டிடா!"

காலடி. கிறுக். கிறுக். தூரத்தில். இன்னும் தூரத்தில்.

நின்றது.

திரும்பி வந்தது.

துமார் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். புத்தி வந்துவிட்டது அவனுக்கு. வந்துவிட்டான். கய்ரத் அருகில் மண்டியிட்டு, அவள் தலைமுடியிலிருந்த பனியைத் தட்டிவிட்டான்.

"வந்துட்டியா..."

"மறந்தே போயிட்டேன் பாரு, இது முதல் குவியல்," என்றான்.

கழுத்துப் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, துணி ஜிப்பின் பல்லில் சிக்கிவிடாமல், மெல்ல, அவளுடைய மேலங்கியைக் கழற்றக் கீழே இழுத்தான்.