அரை நொடி கழித்து விழும் படம்

"உங்க அட்டை பொய் சொல்லுதுங்க."

வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தவன் குடையை மடக்கவில்லை... குடை இருந்தால்தானே. தலை, சட்டை, செருப்பு எல்லாம் சொட்டச் சொட்ட நின்றான். ஆனால் சட்டைக்குள்ளிருந்து எடுத்து அவன் மேசை மேல் வைத்த சின்ன கேமரா மட்டும் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படத் தெரியாத ஒருவன் கோபப்பட்டு வந்திருக்கிறான் என்று அந்தக் கண்களைப் பார்த்ததுமே தெரிந்தது. பெரிய கண்கள்... இமையில்கூட மழை. 'இருந்துட்டுப் போகட்டும், நமக்கென்ன' என்று அவசரமாகப் பார்வையை இறக்கிக்கொண்டாள்.

அட்டை விஷயத்தில் அவளைச் சீண்டினால் போதும், பொத்துக்கொண்டு வரும். அப்பாவின் கேமராக் கடைக்கு எந்தப் புது மாடல் வந்தாலும் அதை ஒரு வாரம் தன்னோடு வைத்துக்கொள்வாள். பஸ்ஸில், மொட்டை மாடியில், சமையலறை மூலையில் என்று எடுத்துத் தள்ளுவாள். பிறகு உள்ளங்கை அகல அட்டையின் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் நிறை, வலது பக்கம் குறை எழுதி, கண்ணாடி அலமாரியில் அந்த கேமராவின் கழுத்தில் மாட்டிவிடுவாள். தெருவில் அவள் பெயரே அட்டைக்காரி.

அப்பாவுக்கு அந்த அட்டையில் பாதி மட்டும் பிடிக்கும்... இடது பாதி. நம்ம சரக்கைப் பற்றி நாமே குறை சொல்வதா என்று புலம்பிப் பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார். அட்டையை நம்பி வாங்கிய ஒரே ஒருவர் கேமராவைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் போதும், அன்றைக்கே அத்தனை அட்டையும் இறங்கிவிட வேண்டும். மூன்று வருடமாக அந்த ஒருவர் வரவில்லை.

இதோ வந்துவிட்டார்... தரையெல்லாம் தண்ணீராக.

அவன் லிஃப்ட் மெக்கானிக்காம். போன வாரம் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அப்பாவிடம் வாங்கியிருக்கிறான். இருக்கிற கேமராக்களிலேயே மலிவானது. சட்டைப் பையில் அடங்குவது. மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாக எடுக்கும் என்று அட்டை சொன்னதை நம்பி, லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் கம்பிக் கயிறுகளைப் படம் எடுத்து அறிக்கையோடு அனுப்பினானாம். மணலை அள்ளித் தூவியது மாதிரி படம் வந்ததில், இது கயிறா கம்பளிப்பூச்சியா என்று கேட்டு இன்ஜினியர் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கை ஆடியிருக்கும்" என்றாள்.

"பத்து வருஷமா அந்தரத்துல நின்னு போல்ட்டு முடுக்கற கைங்க இது. ஆடாது."

"என் கையெழுத்தும் தப்பாகாது."

இன்ஜினியரிடம் காட்ட அந்த அட்டையையாவது ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றான். அவள் விறுவிறுவென்று அலமாரியிலிருந்து அதைக் கழற்றி, மோவாய்க்குக் கீழே தூக்கிப் பிடித்தாள். எடுத்துக்கோ, எனக்கென்ன பயமா... என்பது போல ஒரு முறைப்பு. அவன் குறி பார்த்தான். பட்டனை அமுக்கிக்கொண்டே, பழக்கதோஷத்தில், "ஆடாம நில்லுங்க" என்றான். அட்டையைப் பார்த்து!

அவ்வளவுதான்... அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் உடைந்து வெளியே வந்துவிட்டது.

கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தவன் ஏனோ அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அதற்குள் உள்ளறையில் யாருக்கோ பாஸ்போர்ட் படம் எடுத்து முடித்த அப்பா, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். அவள் முகம் வெளுத்தது. கை தானாகவே அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. அதை அவன் பார்த்தான்.

"என்ன தம்பி, கேமராவுல ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் இல்ல சார். மழைக்கு ஒதுங்கினேன்."

கேமராவைப் பையில் சுற்றி, சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். மழைக்கு ஒதுங்கியவன் மழைக்குள்ளேயே போனதைப் பார்த்து அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இவன் யார் என்னைக் காப்பாற்ற? என் அட்டைக்கு எவனுடைய இரக்கமும் வேண்டாம்...

மறுநாள் காலை அலமாரியைத் துடைக்கும்போதுதான் அந்த எரிச்சல் அப்படியே அடங்கிப்போனது. மலிவு கேமராவுக்குப் பக்கத்தில் அதே வெள்ளி நிறத்தில், அதே அளவில் இன்னொன்று. அதன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தாள். 'வெயிலில் அருமை. எடை தெரியாது. இருட்டில் படம் மணல் மணலாகும். பட்டனை அமுக்கி அரை நொடி கழித்தே படம் விழும், அசையும் ஆளை எடுக்க உதவாது.'

இரண்டு அட்டைகளையும் ஒரே சாயங்காலம் எழுதி, மை காயப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து... மாற்றி மாட்டியிருக்கிறாள்.

ஒருநாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. அவன்தான் போய்விட்டானே, யாருக்குத் தெரியும் என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் அவள் அலமாரியில் குறைப் பக்கம் இல்லாத அட்டை இதுவரை தொங்கியதில்லை. மறுநாள் அப்பா முன்னால் இரண்டையும் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

அப்பா வெகுநேரம் படித்தார். வலது பக்கத்தையும் சேர்த்து.

"ரெண்டும் உண்மைதாம்மா. மாட்டின கழுத்துதான் தப்பு" என்றார். பிறகு பில் புத்தகத்தில் அவன் வேலை செய்யும் இடத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். "இருட்டுல எடுக்கற கேமராவைக் கொண்டுபோய்க் குடு. ஆனா அந்தத் தம்பி பழசைத் திருப்பிக் குடுத்துட்டா... நம்ம பேச்சு பேச்சுதான்."

பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்திருக்க, மஞ்சள் தடுப்புக்கு அப்பால் குழிக்குள்ளிருந்து ஒரு ஹெல்மெட் எட்டிப் பார்த்தது. அவளைக் கண்டதும் அந்த ஹெல்மெட் இரும்புச் சட்டத்தில் 'டங்' என்று இடித்துக்கொண்டது.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னோடது. அட்டையை மாத்தி மாட்டிட்டேன். உங்க கைமேல பழி போட்டதும் தப்பு" என்று சொல்லி, புது கேமராவை நீட்டினாள். பழசைக் கொடுத்துவிட்டு அவன் இதை வாங்கிக்கொண்டால் மூன்று வருட அட்டைகள் இன்று இறங்கிவிடும்.

மேலே ஏறி வந்தவன் அதைத் தொடவே இல்லை.

"வேணாங்க. இதைப் பழகிட்டேன்" என்று தன் பழைய கேமராவைத் தட்டிக் காட்டினான். சட்டத்தின் மேல் அசையாமல் வைத்து, ஃபிளாஷ் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை ஒட்டி, தானாகவே எடுக்கும்படி விட்டால் கயிறு கயிறாகவே வருகிறதாம். இன்ஜினியரும் அறிக்கையை வாங்கிக்கொண்டாராம்.

"அன்னைக்கு எங்கப்பாவைக் கண்டு பயந்தேனேன்னு பாவம் பார்க்கறீங்களா?"

"இல்ல..." தயங்கினான். "திருப்பிக் குடுக்க மனசு வரல."

திரையை அவள் பக்கம் திருப்பினான்.

பாதி அட்டை. மேலே அவள். முறைப்பைக் காணோம்... கண் இடுங்கி, வாய் திறந்து, உலகத்தையே மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் கலங்கியிருந்தது, ஓரமெல்லாம் மணல். எத்தனையோ கேமராவைச் சோதித்தவள் தன்னை இப்படி எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

"நான் அமுக்கினப்போ நீங்க முறைச்சுட்டுதான் இருந்தீங்க" என்றான். "இது அரை நொடி லேட்டா எடுத்துச்சு. நல்ல கேமராவா இருந்திருந்தா அந்த முறைப்புதான் கெடைச்சிருக்கும்."

அவளுக்குக் காதோரம் சூடானது.

"எனக்கும் அதே குறைதாங்க. அன்னைக்கே மனசுல விழுந்துட்டீங்க... வாயில வர மூணு நாளாச்சு." ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

மூன்று நாளாக அவள் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தது எரிச்சலே இல்லை என்று அந்த நிமிடம் அவளுக்கு விளங்கியது. கைப்பையிலிருந்து அவனுடைய பழைய கேமராவின் சரியான அட்டையை எடுத்தாள். அவனுக்காகவே கொண்டுவந்தது. பேனாவைத் திறந்து, வலது பக்கத்தின் கடைசி வரியை அடித்தாள். இடது பக்கம் எழுதினாள்... 'அரை நொடி கழித்தே படம் விழும்.'

அவன் எட்டிப் படித்தான். முகமெல்லாம் மலர்ந்தது.

"அப்போ எனக்கு ஒரு அட்டை?"

"எதையும் ஒரு வாரம் கூடவே வச்சுப் பார்க்காம நான் எழுதறதில்ல."

"ஒரு வாரம் போதுமா?"

அந்தப் பெரிய கண்களை இந்த முறை அவள் நேராகவே பார்த்தாள். பதில் உடனே வரவில்லை... சரியாக அரை நொடி ஆயிற்று.

"போதாது" என்றாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. நிறைய நாள் ஆகும்."