ஐந்தாவது சந்தாதாரர்

இரண்டு கிழமைக்குள் மூன்றாவது தடவையாக, அதே கணினியைத் திருத்த எழுவைதீவில் இறங்கினேன். காலை பத்து மணி. கடல் அசையவில்லை. கரையொதுங்கிய சாதாளைக் கடற்புல் வெயிலில் புளித்து மணத்தது.

சிகிச்சை நிலைய வாசலில் பிரதாபன் அண்ணை நின்றார். அங்கே மருந்து கொடுப்பதும் கணினி தட்டுவதும் அவர்தான்.

"வாரும் நிலுஜா. இண்டைக்காவது திருத்துவீரோ, இல்லாட்டி போனமுறை மாதிரி மீன் வாங்கிக்கொண்டு போறதோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே கட்டிலில் யூலியட் அக்கா இடுப்பைப் பிடித்தபடி இருந்தார். நிறைமாதம். விடியற்புறம் தொடங்கிய வலி.

தீவுகளின் அம்புலன்ஸ் படகை இணையத்தில்தான் கேட்க வேண்டும். எந்தச் சேவை எந்த முகவரியில் இருக்கிறது என்பதை ஒரு பதிவகம் வைத்திருக்கிறது. முகவரி மாறினால், சந்தா எடுத்த கணினிகளுக்கு அது அறிவித்தல் அனுப்பும். நான்கு தீவுகள், நான்கு சந்தாக்கள். புதுப் படகு வந்து முகவரி மாறியதும் மற்ற மூன்று தீவுகளுக்கும் அறிவித்தல் போய்விட்டது. இங்கே மட்டும் வரவில்லை. இங்கிருந்து போகும் கோரிக்கை எல்லாம் பழைய முகவரிக்கே போனது. அந்த முகவரியில் இருந்த பழைய சேர்வர் கணினியைக் கழற்றியது நான். அது யாழ்ப்பாணத்தில் என் மேசைக்குக் கீழே மின்சாரமில்லாமல் கிடக்கிறது.

"போனில கேட்டுப் பார்த்தீங்களே?"

"கேட்டனான். கோரிக்கை கணினியில விழாமல் படகுக்கு எண்ணெய் தரமாட்டினமாம். சாதாரணப் படகு இனி மூண்டு மணிக்குத்தான். அதுவரைக்கும் இவ தாங்கமாட்டா."

சந்தாவை அழித்தேன். புதிதாக எடுத்தேன். சோதனை அறிவித்தல் அனுப்பினேன்.

பதிவகப் பக்கம் காட்டியது: அனுப்பப்பட்டது. பெறப்பட்டது.

நிலையத்துக் கணினியில் ஒன்றும் வந்து விழவில்லை. திரும்ப அழித்து, திரும்ப எடுத்தேன். பெறப்பட்டது. மேசையை ஓங்கிக் குத்தினேன். பெறுவது யார்? அறிவித்தல் வெளியே போகிறதா என்று பார்க்க, என் கைபேசியை ஐந்தாவது சந்தாவாகப் பதிந்தேன்.

உடனே கைபேசி அதிர்ந்தது.

'ஆள் எத்தனை?'

நான் அனுப்பியது அதுவல்ல. அறைக்குள் டீசல் மணத்தது.

திரையைப் பார்த்த பிரதாபன் அண்ணை மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

"முருகேசு அண்ணை அப்பிடித்தான் கேக்கிறவர்," என்றார் தாழ்ந்த குரலில். "கணக்குச் சரிவராமல் கயிறை அவிழ்க்கமாட்டார்."

பழைய அம்புலன்ஸ் படகை ஓட்டியவர் முருகேசு. மார்கழியில் வாடைக் காற்றில் படகோடு கடலில் மூழ்கிப் போனவர்.

"அண்டைக்கு நான் அவசரத்தில ஐஞ்சு பேர் எண்டு அடிச்சுப்போட்டன். ஏறினது நாலு பேர். நாலு பேரையும் ஊர்காவற்றுறையில இறக்கிப்போட்டு, மற்ற ஆளுக்காகத் திரும்பி வந்தவர்."

"மற்ற ஆள் ஆர்?"

"ஒருத்தருமில்லை, பிள்ளை. பிழையா அடிச்சது. நான் திருத்தி அனுப்பேல்லை."

வெளியே இறங்குதுறைப் பக்கம் இயந்திரச் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

எட்டிப் பார்த்தேன். கடல் வெறுமையாக இருந்தது.

உள்ளே யூலியட் அக்கா அலறினார். "அண்ணை, படகுச் சத்தம் கேட்குதே! என்னைக் கொண்டுபோங்கோ!"

"அதில ஏறேலாது, தங்கச்சி," என்றார் பிரதாபன் அண்ணை.

நான் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன். "இப்ப திருத்துங்கோ. பழைய முகவரிக்கே அனுப்புங்கோ."

அவர் இரண்டு விரலால் தட்டினார். 'நாலு பேர்தான். ஐஞ்சாவது ஆள் இல்லை. பிழை என்னுடையது. பிரதாபன்.'

பெறப்பட்டது.

சத்தம் நின்ற இடத்திலிருந்து மீண்டும் கிளம்பி, தூரத்தில் கரைந்தது. கணினி மணியடித்தது. இரண்டு கிழமையாக வராத அறிவித்தல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. புது முகவரி வந்தது. கோரிக்கை போனது. முக்கால் மணி நேரத்தில் புதுப் படகு வந்தது.

யூலியட் அக்காவின் கையைப் பிடித்தபடி நானும் ஏறினேன். ஊர்காவற்றுறையில் அவரை வாகனத்தில் ஏற்றினார்கள். "சுகமாப் போங்கோ அக்கா," என்றேன். அத்தனை எரிச்சலும் இறங்கிப்போனது.

கைபேசி அதிர்ந்தது.

'நாலு எண்டு சொல்லிச்சினம். பட்டியலில ஐஞ்சாவதா நிலுஜா எண்டு கிடக்கு.'

சோதனைக்குப் போட்ட என் சந்தா. அழிக்க மறந்துவிட்டேன். உடனே அழித்தேன்.

பெறப்பட்டது.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் பெயர் அப்படியே இருந்தது. திரும்ப அழித்தேன். திரும்ப இருந்தது.

'துறையில நிக்கிறன்.'

நிமிர்ந்தேன். புதுப் படகு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. துறையின் கட்டையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்த கயிறு. மறுமுனையில் படகில்லை.

கயிறு மட்டும் தண்ணீரை நோக்கி விறைப்பாக இழுபட்டு நின்றது.