திமில் இல்லாத வரைபடம்

செல்போன் அதிர்ந்தது.

வீப்கே ஹார்ம்சன் மின்னஞ்சலைத் திறந்தாள்... உறைந்தாள்.

'அளவீடு முடிஞ்சுது. காபி போடு! – டியார்க்.'

டியார்க் செத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது!

கடித்த மீன் பன்னைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு ஓடினாள். ஈரப் பாலம்... சைக்கிள் நிறுத்தம்... ஆய்வகப் படிக்கட்டு. துறைமுகத்தில் கப்பல் ஒன்று நீளமாய் ஊதியது. நண்பகல்தான். ஆனால் நவம்பர் வானம் சாம்பலைக் குழைத்துப் பூசியது போலிருந்தது.

காந்த அறை.

போலீஸ் காலையில்தான் கதவில் வைத்த சீல் முத்திரையை உடைத்திருந்தார்கள். ஆணியில், அவளோடு ஆராய்ச்சி செய்த டியார்க்கின் மஞ்சள் மழைக்கோட்டு இன்னும் தொங்கியது. ஒரு கை மட்டும் உள்பக்கம் சுருண்டு... அவசரமாய்க் கழற்றிய கோட்டு.

ஸ்ஸ்ஸ்ஸ்...

வீப்கே திடுக்கிட்டாள். ஹீலியம் உருளைக்குத் தாவினாள். வால்வைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது. மறுபடி தொட்டாள். மூடித்தான் இருந்தது.

சத்தம் அவள் காதுக்குள்ளேயே இருந்தது. ஒன்பது நாளாய்!

அவன் செத்த அன்று காலை எட்டு மணிக்குக் காந்தம் அளக்கும் மெஷினுக்குத் திரவ ஹீலியம் ஊற்றியது அவள். மதியம் ஒரு மணிக்கு வால்வு திறந்து கிடந்தது. ஹீலியம் வாயுவாய்ப் பொங்கி அறையிலிருந்த காற்றையெல்லாம் துரத்தியிருந்தது. தரையில் டியார்க். ஆக்சிஜன் குறைந்தால் அலற வேண்டிய பெட்டி வாயே திறக்கவில்லை. உள்ளே பேட்டரி செத்திருந்தது.

கடைசியாக வால்வைத் தொட்டது யார்? வீப்கே!

மூடினேனா? மூடவில்லையா?

வீட்டில் இப்போது அடுப்பை நாலு தடவை அணைக்கிறாள். அப்புறமும் கட்டிலிலிருந்து எழுந்து போய்ப் பார்க்கிறாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வேலை முடிந்தால் இப்படியொரு மின்னஞ்சல் போகும்படி மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தவன் டியார்க்தான். அவன் போய்விட்டான். அவன் பெயரில் ஓடிய அளவீடு மட்டும், பூட்டிய அறைக்குள் தனியாக, ஒன்பது நாள் ஓடி முடிந்திருக்கிறது!

வரைபடத்தைத் திறந்தாள்.

"கடவுளே..."

அது பேராசிரியர் ஓல்சனின் கோபால்ட் மூலக்கூறு. உலகப் புகழ் பெற்றது! ஒவ்வொரு மூலக்கூறும் தனியாக ஒரு காந்தம். காந்தப்புலத்தை எடுத்துவிட்டாலும், எந்தத் திசையில் நிறுத்தினோமோ அதை மாதக்கணக்கில் மறக்காது என்று எழுதித்தான் அவர் பரிசுகளை வாங்கிக் குவித்திருந்தார்.

திரையில்?

புலம் போன மறுகணமே கோடு தலைகுப்புற விழுந்திருந்தது. இரண்டு திசைகளுக்கும் நடுவே நிற்கும் ஆற்றல் சுவரில் மூலக்கூறு சுரங்கம் தோண்டி அந்தப் பக்கம் தாவிவிட்டது. ஒரு கண் சிமிட்டலில் எல்லாம் மறந்துவிட்டது! மிச்ச ஒன்பது நாளும் வெறும் பூஜ்யம்.

இது கண் சிமிட்டலில் மறந்துவிடும் என்று டியார்க்குக்கு முன்பே தெரியும். இறப்பதற்கு முந்தின நாள் அவளிடம் சொன்னான், "இது காந்தமில்லே வீப்கே, கட்டுக்கதை. நாளைக்கு ஓல்சன்கிட்ட கேக்கப் போறேன்."

தெரிந்தவன் அதற்கு ஒன்பது நாள் அளவீடு போடுவானா?

அவன் போடவில்லை!

மெஷினைத் தொட்டுப் பல வருஷமான யாரோ, அளவீட்டுப் பட்டியலில் முதலாவதாக இருந்ததைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்...

ஐந்து நிமிடம் கழித்து பிரிண்டர் ஒரே ஒரு தாளைத் துப்பியது.

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர் கேசா ப்ரோடர்சன். நனைந்த குடை, சிவந்த மூக்கு. பின்னால் பேராசிரியர் டெட்லெவ் ஓல்சன். கழுத்தில் பட்டு மஃப்ளர்.

"இங்கேதான் இருக்கீங்களா ஹார்ம்சன்? உங்க கேஸ் கட்டு சாயங்காலம் அரசு வக்கீல்கிட்ட போகுது. அஜாக்கிரதையால மரணம். கடைசியா ஏதாவது சொல்லணுமா?"

"பாவம், விடுங்க மேடம்," என்றார் ஓல்சன். "சின்னப் பொண்ணு. மறதி. நான் நல்ல வக்கீலாப் பாத்துத் தர்றேன்."

"டியார்க் எத்தனை மணி வரைக்கும் உயிரோட இருந்தான் மேடம்?" வீப்கே கேட்டாள்.

"பதினொண்ணு அம்பதுக்கு மெஷின்ல சாம்பிள் வச்சிருக்கார். பதிவு இருக்கே! அதுக்கப்புறம்தான் சாவு."

"பன்னெண்டு மணியிலேர்ந்து நான் கேன்டீன்ல இருந்தேன்," என்றார் ஓல்சன். "பத்துப் பேரோட. முட்டைக்கோஸும் சாசேஜும்."

"யாரும் உங்களைக் கேக்கலையே ப்ரொஃபசர்?" இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்தாள்.

வீப்கே தாளை மேஜைமேல் விரித்தாள்.

"மேடம், சாம்பிள் வைக்கிறப்போ அறைக்காத்தும் துளி உள்ள போயிடும். அதுல இருக்கிற ஆக்சிஜன் குளிர்ல உறையும். சாம்பிள் குளிர்ற வழியில, அம்பது கெல்வின்கிட்ட, அதாவது மைனஸ் இருநூத்தி இருபது டிகிரிகிட்ட, கோடு முதுகைத் தூக்கும். நாங்க அதைத் திமில்னு சொல்வோம்."

"ஒட்டகத்துக்கு இருக்குமே, அதுவா?"

"அதேதான். எங்க எல்லாருக்கும் அது தலைவலி. இப்போ அன்னிக்கு வச்ச சாம்பிளோட கோட்டைப் பாருங்க. திமில் எங்கே?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"இல்லையே... மொழுமொழுன்னு இருக்கு!"

"அப்படின்னா சாம்பிள் வச்சப்போ அறையில ஆக்சிஜனே இல்லை. ஹீலியம் நிரம்பியிருந்துது. டியார்க் ஏற்கெனவே செத்துக் கிடந்தான்! யாரோ சுவாச முகமூடி மாட்டிக்கிட்டு வந்து அவன் பேர்ல சாம்பிள் வச்சிருக்காங்க. இந்தக் கட்டடத்துல முகமூடி ஒண்ணுதான். ப்ரொஃபசர் அலமாரியில!"

ஓல்சன் சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"அபத்தம்!"

"வரைபடம் பொய் சொல்லாது ப்ரொஃபசர்."

"இந்த வரைபடமே தப்பு! கொண்டா இப்படி!" தாளைப் பிடுங்கினார். நெற்றி நரம்பு புடைத்தது. "திமில் இல்லாம எப்படி இருக்கும்? முதல் வருஷ மாணவன்கூட இப்படி உளறமாட்டான்!"

"முகமூடி போட்டிருந்தா..."

"முகமூடியாம் முகமூடி!" மேஜையில் அறைந்தார். "முகமூடியே தேவைப்படல! ஜன்னலை அகலமாத் திறந்து பத்து நிமிஷம் காத்தாட விட்டுட்டுத்தானே சாம்பிளையே வச்சேன்! அறை பூராக் காத்து! திமில் இருந்தே ஆகணும்! உனக்கு அளக்கவும் தெரியல, படிக்கவும்..."

நின்றார்.

ஆறு வருஷத்தில் அவர் அவளை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வெளியே கடற்காகம் ஒன்று குழந்தை அழுவது போல் கத்தியது.

"எந்த ஜன்னல் ப்ரொஃபசர்?" இன்ஸ்பெக்டரின் குரல் பஞ்சு போலிருந்தது.

ஓல்சன் தாளை மேஜைமேல் வைத்தார்.

"அவன்... எல்லாருக்கும் எழுதிடுவேன்னான். என் பதினெட்டு வருஷ உழைப்பு..."

"வால்வு?"

"...நான்தான் திறந்தேன். சாம்பிள் வச்சிட்டு, ஜன்னலை அடைச்சு, மறுபடியும் திறந்துவிட்டேன். அவ நல்லாத்தான் மூடியிருந்தா."

மூடியிருந்தாள்!

வீப்கே சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது நாளாய்க் காதுக்குள் சீறிய அந்தச் சத்தம் டக்கென்று நின்றது. ஆணியில் தொங்கிய மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு கான்ஸ்டபிள்கள் ஓல்சனைப் படியிறக்கிக் கூட்டிப் போனார்கள்.

"ஒண்ணு மட்டும் இடிக்குதே..." இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவர் ஜன்னலைத் திறந்தது நிஜம்னா, அறையில ஆக்சிஜன் இருந்திருக்கும். திமில் வந்திருக்கணுமே?"

வீப்கே திரையைத் திருப்பிக் காட்டினாள்.

டியார்க் பெயரில் ஓடிய நிஜ அளவீட்டின் தொடக்கம், சாம்பிள் குளிர்ந்த நேரம். ஐம்பது கெல்வினில்... கொழுத்த ஒட்டகம் ஒன்று முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது!

"அடிப்பாவி! அப்போ இந்தத் தாள்?"

"அது என்னோட பழைய சாம்பிள், மேடம். காத்தே படாம கண்ணாடிக் குழாய்ல அடைச்சு அளந்தது. தேதியை மட்டும் மாத்தினேன்."

"பொய்யான வரைபடத்தை வச்சா ஒரு ப்ரொஃபசரைக் கவுத்தே? எங்கேம்மா கத்துக்கிட்டே இதை?"

வீப்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறு வருஷம் ஓல்சன்கிட்டதானே மேடம் ஆராய்ச்சி பண்றேன்... இதுகூடத் தெரியலேன்னா எனக்கு எப்படி டாக்டர் பட்டம் குடுப்பாங்க?"